டயாபிரம் கேட்டேன், "அதெல்லாம் இப்ப யாரும் வைக்கிறதில்ல" என்றார்கள். பயன்படுத்துகிறவர்கள் இருந்தால் சொல்லுங்களேன்

மழைக்கால் எழுதியது:

வணக்கம் தோழிகளே. பல மாதமாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 34 வயது. இரண்டு பிள்ளைகள், சின்னவளுக்கு ஒன்பது மாதம். மூன்றாவது வேண்டுமா என்று நானும் கணவரும் இன்னும் முடிவு பண்ணவில்லை. இப்போதைக்கு வேண்டாம் என்பது மட்டும் உறுதி.

கல்யாணமான புதிதில் கருத்தடை மாத்திரை சாப்பிட்டேன். எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. வலி தொடங்கும் முன் கண்ணில் கோணல்மாணலாக வெளிச்சக் கோடுகள் ஓடும். வேறு எதற்கோ போனபோது இதைப் பேச்சுவாக்கில் சொன்னேன், அந்த டாக்டர் மாத்திரையை அன்றைக்கே நிறுத்தச் சொல்லிவிட்டார். பிறகு ஒரே ஹார்மோன் மட்டும் உள்ள மாத்திரை. மாதத்தில் பாதி நாள் கறைபட்டுக்கொண்டே இருந்தது. அதையும் விட்டுவிட்டு, முதல் பிரசவத்துக்குப் பிறகு காப்பர் டி போட்டேன். ஒவ்வொரு மாதமும் கொட்டித் தீர்த்தது. ரத்தசோகை வந்து எடுக்க வேண்டியதாயிற்று.

இப்போது ஆணுறை. கணவர் மறுப்பதே இல்லை, அதில் எனக்குக் குறையில்லை. ஆனாலும் அவர் ஞாபகம் வைத்திருந்தால்தான் எனக்கு நிம்மதி என்ற நிலை எனக்குப் பிடிக்கவில்லை. என் உடம்புக்கான காவல் என் கையிலும் கொஞ்சம் இருக்கட்டுமே என்றிருக்கிறது.

போன வாரம் டாக்டரிடம் டயாபிரம் என்ற கருத்தடைக் கிண்ணம் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் இப்ப யாரும் வைக்கிறதில்ல. ரெண்டு குழந்தை ஆச்சு, ஆபரேஷன் பண்ணிக்கோங்க" என்றார். இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை. வெளியே வரும்போது ஏதோ தகாததைக் கேட்டுவிட்டவள் மாதிரி கூசிப்போனேன்.

நிஜமாகவே யாரும் பயன்படுத்துவதில்லையா? எப்படி வாங்குகிறீர்கள், யாரிடம் கற்றுக்கொண்டீர்கள், நம்பலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கரையோரம் எழுதியது:

நான் பயன்படுத்துகிறேன், ஆறு வருடமாக. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் கேட்டதில் தகாதது எதுவும் இல்லை. கூச வேண்டியவர் நீங்கள் இல்லை.

பார்த்திராதவர்களுக்காக: டயாபிரம் என்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்னக் கிண்ணம். மெல்லிய சிலிக்கான், வளைந்துகொடுக்கும் விளிம்பு. அதில் ஜெல் தடவி, மடித்து உள்ளே வைத்தால் கருப்பை வாயை மூடிக்கொள்ளும். விந்தணு மேலே ஏறாமல் அந்தக் கிண்ணம் தடுக்கும், தப்பி வருவதை ஜெல் பார்த்துக்கொள்ளும். ஹார்மோன் கிடையாது. வேண்டும்போது வைக்கலாம், குழந்தை வேண்டுமென்றால் வைக்காமல் விட்டுவிடலாம், காத்திருக்க வேண்டியதே இல்லை.

முதல் நாள் எனக்கு அழுகையே வந்துவிட்டது. மடித்துப் பிடித்தால் ஜெல்லோடு கையை விட்டு வழுக்கி ஓடுகிறது. உள்ளே போனதும் எங்கே நிற்கிறதென்று தெரியவில்லை. நான் செய்த ஒரே நல்ல காரியம், கணவர் வீட்டில் இல்லாத நாளாகப் பார்த்துப் பழகியது. உறவுக்கு ஐந்து நிமிடம் முன்னால் முதல்முறையாக வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கவே நினைக்காதீர்கள், அவசரத்தில் எல்லாம் தப்பாகும்.

ஒரு காலை உயரத்தில் வைத்து நில்லுங்கள், இல்லாவிட்டால் குந்துங்கள். முதலில் வெறும் விரலால் உங்கள் கருப்பை வாயைத் தேடிக் கண்டுபிடியுங்கள். மூக்கு நுனியைத் தொட்டுப் பாருங்கள், ஏறக்குறைய அதே மாதிரிதான் கொஞ்சம் விறைப்பாக, உருண்டையாக இருக்கும். இதை நிறையப் பேர் வாழ்நாளில் ஒருமுறைகூடத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டோம். நானும் அப்படித்தான் இருந்தேன். இரண்டு பிள்ளை பெற்ற பிறகுதான் என் உடம்பில் அது எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரிந்தது.

டயாபிரத்தைக் கீழ்நோக்கி, பின்பக்கமாகத் தள்ளுங்கள். போகிற வரைக்கும் போகட்டும். பிறகு முன்விளிம்பை ஒரு விரலால் மேலே தூக்கி, முன்பக்க எலும்புக்குப் பின்னால் சொருகிவிடுங்கள். கடைசியில் கிண்ணத்தின் மேலாகவே விரலை வைத்து அந்த மூக்கு நுனி தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். தட்டுப்பட்டால் சரி. இல்லையென்றால் எடுத்துவிட்டு மறுபடி. வைத்தபடி நடந்து, குனிந்து, இருமிப் பாருங்கள். சரியாக உட்கார்ந்திருந்தால் அது இருப்பதே தெரியாது. உறுத்தினால் இடம் தப்பு, இல்லாவிட்டால் அளவு தப்பு.

எனக்குக் கை பழக இரண்டு வாரம் ஆயிற்று.

---

செவிலித்தோழி எழுதியது:

நான் மகப்பேறு செவிலி. கரையோரம் சொன்ன செய்முறை சரியாக இருக்கிறது. சில விஷயங்களைச் சேர்க்கிறேன்.

மழைக்கால், உங்கள் டாக்டர் மாத்திரையை நிறுத்தியது முழுக்கச் சரி. ஒற்றைத் தலைவலிக்கு முன் பார்வையில் வெளிச்சக் கோடு வருகிறவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை எடுத்தால் பக்கவாத அபாயம் கூடும். இதை வாசிக்கிற வேறு யாருக்காவது அப்படி இருந்து மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

அளவு: பழைய வகை டயாபிரம் 65, 70, 75 என்று மில்லிமீட்டர் கணக்கில் வரும், ஒருவர் உள்ளே பரிசோதித்துத்தான் அளவு சொல்ல வேண்டும். காயா என்று ஒன்று இருக்கிறது, அது ஒரே அளவு. 65 முதல் 80 வரை தேவைப்படும் பெண்களில் பெரும்பாலோருக்குப் பொருந்தும் என்று வடிவமைத்தது. பெரும்பாலோருக்கு, எல்லாருக்கும் அல்ல. பிரசவமான பிறகு குறைந்தது ஆறு வாரமாவது பொறுக்க வேண்டும். உங்களுக்கு அது கடந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு பிரசவத்துக்கும், கருச்சிதைவுக்கும், இடுப்புப் பகுதி அறுவைக்கும் பிறகு அளவு மாறியிருக்கலாம், மறுபடி பார்க்க வேண்டும். உடல் எடை நன்றாக ஏறி இறங்கினாலும் அப்படித்தான். கருப்பை இறக்கம் உள்ளவர்களுக்கு டயாபிரம் நிற்காது.

நேரம்: உறவு முடிந்து 6 மணி நேரமாவது உள்ளேயே இருக்கட்டும். மொத்தமாக 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மாதவிடாய் நாட்களில் வேண்டாம். அரிதுதான், ஆனாலும் நச்சு அதிர்ச்சி நோய் என்ற ஒன்று வர இடமுண்டு. திடீரென்று கடும் காய்ச்சல், வெயிலில் வெந்தது மாதிரி தோல் சிவப்பு, வாந்தி, தலைசுற்றல் என்றால் உடனே எடுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். முன்பு அந்த நோய் வந்தவர்கள் டயாபிரத்தைத் தொடவே வேண்டாம்.

வைத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டாலும், இரண்டாம் முறை உறவு கொள்வதானாலும், டயாபிரத்தை எடுக்காமலேயே உள்ளே இன்னும் ஜெல் விட வேண்டும்.

---

நெடுவழி எழுதியது:

யாரும் மனம் கோண வேண்டாம், நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். டயாபிரம் வைத்திருந்தும் எனக்குக் கரு தரித்தது, வைக்க ஆரம்பித்த நான்காவது மாதத்தில். ஒரு நாளும் வைக்காமல் விட்டதில்லை. ஜெல் இல்லாமல் வைத்ததும் இல்லை. எங்கே தவறியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தக் குழந்தைக்கு இப்போது ஐந்து வயது, எங்கள் உயிர். ஆனால் அன்றைக்கு நான் பட்ட பாட்டை இன்னொருத்தி படக் கூடாது. என்னிடம் எல்லாரும் "பக்கவிளைவே இல்லை, உன் கையில் இருக்கும்" என்றார்கள். நம்பகம் எவ்வளவு என்று ஒருத்தரும் எண்ணிக்கையில் சொல்லவில்லை. இந்த இழையில் அந்த எண் முதல் பதிலிலேயே வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

---

செவிலித்தோழி எழுதியது:

நெடுவழி, உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நான் எழுதிய முதல் வரியே அதுவாக இருந்திருக்க வேண்டும்.

எந்தத் தடுப்பும் இல்லாமல் 100 பெண்கள் ஒரு வருடம் இருந்தால் ஏறக்குறைய 85 பேருக்குக் கரு தரிக்கும். வழக்கமான பயன்பாட்டில், அதாவது மறதி, அவசரம் எல்லாம் சேர்ந்த நிஜ வாழ்க்கையில், டயாபிரம் வைக்கும் 100 பேரில் சுமார் 17 பேருக்குத் தரிக்கும். ஆணுறைக்கு 13. பெண்ணுறைக்கு 21. மாத்திரைக்கு 7. காப்பர் டிக்கு ஒன்றுக்கும் குறைவு.

ஆணுறையை ஒவ்வொரு முறையும் பிசகில்லாமல் பயன்படுத்தினால் அந்த 13 என்பது 2 ஆகிவிடும். டயாபிரத்தில் அவ்வளவு பெரிய இறக்கம் கிடைக்காது, எல்லாம் சரியாகச் செய்தாலும் சிலருக்குத் தவறும். நெடுவழிக்கு நடந்தது அதுதான், அது அவர் தப்பு இல்லை.

ஆகவே கருத்தரித்தால் உயிருக்கே ஆபத்து என்ற உடல்நிலை இருக்கிறவர்களுக்கு நான் டயாபிரத்தை மட்டும் நம்பச் சொல்ல மாட்டேன். "இப்போது வேண்டாம், வந்துவிட்டால் சமாளிப்போம்" என்று இருக்கிறவர்கள் இந்த எண்ணைத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுக்கலாம். தெரிந்து தேர்ந்தெடுப்பதற்குப் பெண்ணுக்கு உரிமை உண்டு. டயாபிரத்தோடு ஆணுறையும் சேர்ந்தால் காவல் கூடும், இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை.

---

மழைக்கால் எழுதியது:

நெடுவழி அக்கா, எழுதியதற்கு நன்றி. 17 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு ஒரு நாள் முழுக்க யோசித்தேன். கணவரிடமும் காட்டினேன். "ரெண்டையும் சேர்த்தே வைப்போம்" என்றார். எங்களுக்கு அது ஒத்துவரும் போலிருக்கிறது.

ஜெல் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள். விந்துக்கொல்லி ஜெல் எரியும் என்று கேள்விப்பட்டேன்.

---

பனிமுகடு எழுதியது:

என் பாட்டி காலத்தில் எலுமிச்சைச் சாறு வைத்துக் கழுவுவார்களாம், அதுவும் அமிலம்தானே? ஜெல்லும் அமிலம் என்கிறார்கள். அது போதாதா?

---

செவிலித்தோழி எழுதியது:

பனிமுகடு, வேண்டாம்மா. எலுமிச்சைச் சாறு உள்தோலைப் புண்ணாக்கும், புண் வழியாகத் தொற்று எளிதில் நுழையும். உறவுக்குப் பிறகு எதைக் கொண்டு கழுவினாலும் பயனில்லை, விந்தணு சில நிமிடத்திலேயே கருப்பை வாயைத் தாண்டிவிடும். டயாபிரம் வைத்திருக்கும்போது கழுவினால் ஜெல்லும் போய்விடும்.

மழைக்கால், ஜெல் இரண்டு வகை. நானாக்சினால்-9 என்பது பழையது. விந்தணுவின் மேல்தோலைச் சிதைப்பது அதன் வேலை, ஆனால் நம் உள்தோலையும் அது சும்மா விடாது. அடிக்கடி பயன்படுத்தினால் எரிச்சல் வரும், நுண்ணிய புண்கள் வரும், அதனால் எச்ஐவி தொற்றுகிற வாய்ப்பு கூடும். எச்ஐவி அபாயம் அதிகமுள்ள பெண்கள் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மற்றது லாக்டிக் அமில ஜெல். யோனியின் இயல்பான அமிலத்தன்மையை அது காத்துவைக்கும், விந்தணுவால் அந்த அமிலத்தில் நீந்த முடியாது. பலருக்கு இது எரிவதில்லை.

இன்னொன்று. டயாபிரம் கருவைத்தான் தடுக்கும், நோயைத் தடுக்காது. தென்னாப்பிரிக்காவிலும் ஜிம்பாப்வேயிலும் பெரிய ஆய்வு ஒன்று நடத்தி 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆணுறையோடு டயாபிரமும் கொடுத்தால் பெண்களுக்கு எச்ஐவி குறையுமா என்பது கேள்வி. கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. நோய்க்கு ஆணுறை அல்லது பெண்ணுறைதான்.

---

தினைப்புலம் எழுதியது:

பெண்ணுறை பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். எனக்கு டாக்டர் தேவைப்படவில்லை, அளவு பார்க்கத் தேவையில்லை, பழகியதும் இது எனக்குப் பிடித்துவிட்டது.

இரண்டு பக்கமும் வளையம் இருக்கும் பை மாதிரி. உள்வளையத்தை எட்டு வடிவில் அழுத்திப் பிடித்து உள்ளே தள்ள வேண்டும், வெளிவளையம் வெளியே நிற்கும். முன்பு பாலியூரித்தேனில் வந்தது, படுக்கையில் சரசரவென்று சத்தம் கேட்கும், எனக்கு அதுவே மனசை விலக்கிவிட்டது. இப்போது நைட்ரைல் என்ற மென்மையான பொருளில் வருவது, FC2 என்று எழுதுவார்கள், அமைதியாக இருக்கிறது. ரப்பர் ஒவ்வாமை இருக்கிறவர்களுக்கும் ஆகும், எண்ணெய்ப் பசையுள்ள வழுக்கி (லூப்ரிகண்ட்) பட்டாலும் கிழியாது.

ஒரே ஒரு எச்சரிக்கை. முதல் சில தடவை அவரை உங்கள் கையாலேயே உள்ளே வழிநடத்துங்கள். வளையத்துக்கு வெளியே, பைக்கும் உடம்புக்கும் நடுவில் நுழைந்துவிட வாய்ப்புண்டு, அப்படி நுழைந்தால் பையால் ஒரு பயனும் இல்லை. எனக்கு இரண்டாவது முறையே அப்படி ஆனது, கவனித்து நிறுத்திவிட்டோம். வெளிவளையம் உள்ளே இழுபட்டாலும் நிறுத்துங்கள். ஆணுறையையும் பெண்ணுறையையும் ஒன்றாகப் போடாதீர்கள், உரசி இரண்டும் நழுவும்.

---

வெள்ளிவீதி எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் இவ்வளவும் ஏன் நாமே சுமக்க வேண்டும்? மாத்திரை நாம், கருவி நாம், ஜெல் நாம், பிரசவமும் நாம். ஆண்களுக்கான அறுவை சிகிச்சை எளியது, அதுவும் ஹார்மோன் இல்லாததுதான். மழைக்கால், உங்கள் கணவர் அதைப் பற்றி யோசித்தாரா?

---

மழைக்கால் எழுதியது:

கேட்கவேண்டிய கேள்விதான் வெள்ளிவீதி. அவரே அந்தப் பேச்சை எடுத்தார். ஆனால் மூன்றாவது பற்றி நாங்கள் இன்னும் முடிவு பண்ணவில்லையே. அந்த அறுவையை நிரந்தரம் என்று எண்ணித்தான் செய்துகொள்ள வேண்டும் என்கிறார்கள். குடும்பம் முடிந்தது என்று நாங்கள் முடிவெடுக்கும் நாளில், செய்துகொள்வது அவர்தான். அது பேசி வைத்தாயிற்று.

இதை நான் சுமையாக நினைக்கவில்லை. எனக்கு வேண்டியது என் கையில் ஒரு சாவி.

---

வெள்ளிவீதி எழுதியது:

புரிகிறது. பேசியிருக்கிறீர்கள் என்பதே பெரிது. நிறைய வீட்டில் பேச்சே நடப்பதில்லை, அந்த ஆற்றாமையில் கேட்டேன்.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

டாக்டர் அறையிலிருந்து கூசி வெளியே வந்ததாக எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. பெண்கள் மருத்துவ வரலாறு எனக்குப் பிடித்த வாசிப்பு, அதனால் கொஞ்சம் சொல்கிறேன்.

இந்தக் கிண்ணத்தை 1880-களில் வடிவமைத்தவர் மென்சிங்கா என்ற ஜெர்மன் மருத்துவர். வெளியிடும்போது தன் சொந்தப் பெயரைப் போடத் துணியாமல் புனைபெயரில் வெளியிட்டார். அதைப் பெண்களிடம் கொண்டுசேர்த்தவர் அலெட்டா யாகோப்ஸ், நெதர்லாந்தில் முதன்முதலாக மருத்துவப் பட்டம் பெற்ற பெண். ஆம்ஸ்டர்டாமில் ஏழைப் பெண்களை இலவசமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். அடுத்தடுத்த பிரசவத்தில் உருக்குலைந்த பெண்கள் அவரிடம் வந்து "வழி இல்லையா" என்று கேட்டார்கள். அதற்கு அவர் கொடுத்த பதில் இந்தக் கிண்ணம். உடன்பணியாற்றிய மருத்துவர்களே அவரைத் தூற்றினார்கள்.

அமெரிக்காவில் 1873-இல் வந்த காம்ஸ்டாக் சட்டப்படி கருத்தடைப் பொருளைத் தபாலில் அனுப்புவதே அப்போது குற்றம். ஜப்பானிலிருந்து ஹன்னா ஸ்டோன் என்ற பெண் மருத்துவருக்கு வந்த ஒரு பொதியைச் சுங்கத்துறை பறித்துக்கொண்டது. உள்ளே இருந்தவை இப்படிப்பட்ட ரப்பர் கிண்ணங்கள். வழக்கு நடந்தது. மருத்துவர்கள் இவற்றை வரவழைக்கலாம் என்று 1936-இல் தீர்ப்பு வந்தது. அந்த வழக்கின் பெயரே "அமெரிக்க அரசு எதிர் ஒரு பொதி" என்பதுதான்.

1960-இல் மாத்திரை வந்ததும் இது மெல்ல ஒதுங்கிற்று. அளவு பார்க்கத் தெரிந்த மருத்துவர்களும் குறைந்துபோனார்கள். "யாரும் வைக்கிறதில்ல" என்று உங்கள் டாக்டர் சொன்னதற்கு, அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை என்பதுகூடக் காரணமாக இருக்கலாம்.

---

கரையோரம் எழுதியது:

ஏட்டுச்சுவடி சொன்ன கடைசி வரி என் அனுபவத்தில் உண்மை. நான் மூன்று பேரிடம் கேட்டு, நான்காவதாகத்தான் அளவு பார்க்கத் தெரிந்தவர் கிடைத்தார். அவரும் டாக்டர் இல்லை, குடும்பநலப் பிரிவில் இருந்த ஒரு மூத்த செவிலி.

அதனால் எல்லாருக்கும் சொல்கிறேன். "கருத்தடைக்கு என்ன செய்யலாம்" என்று பொதுவாகக் கேட்டால் மாத்திரை, காப்பர் டி, ஆபரேஷன் என்ற மூன்றில் ஒன்றுதான் பதிலாக வரும். பெயர் சொல்லிக் கேளுங்கள். "டயாபிரத்துக்கு அளவு பார்ப்பீர்களா, இல்லையென்றால் பார்க்கத் தெரிந்தவரிடம் அனுப்புவீர்களா?" இந்த ஒரு கேள்வியைத் தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். அங்கே உட்கார்ந்ததும் நாக்கு எழாது, எனக்கு எழவில்லை. எந்த ஹார்மோனால் என்ன ஆயிற்று, எப்போது நிறுத்தினீர்கள் என்பதையும் அதே தாளில் நான்கு வரியில் எழுதிவிடுங்கள். எழுதியிருந்தால் "இன்னொரு மாத்திரை பாருங்களேன்" என்று மறுபடி தொடங்க மாட்டார்கள். போவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது இன்னும் நல்லது, ஒரு நாள் மிச்சம்.

சில நாடுகளில் காயாவுக்கு மருந்துச்சீட்டு வேண்டும், சில இடங்களில் சீட்டில்லாமலே கொடுப்பார்கள். இணையத்தில் வாங்கினால் காலாவதித் தேதியையும் உறை பிரிக்கப்படாமல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இன்னொருத்தர் பயன்படுத்தியதை வாங்கவே கூடாது. சீட்டில்லாமல் வாங்கினாலும், முடிந்தால் ஒருமுறை வைத்துக்கொண்டுபோய் ஒரு செவிலியிடம் "சரியாக இருக்கிறதா" என்று காட்டுங்கள். அந்த ஐந்து நிமிடப் பரிசோதனைக்குப் பிறகுதான் எனக்கு உள்ளூரத் தைரியம் வந்தது.

கழுவுவது: வெதுவெதுப்பான நீர், வாசனை இல்லாத சோப்பு, துடைத்துக் காயவைத்து டப்பாவில். பவுடர் போடாதீர்கள். ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, தண்ணீர் ஊற்றிச் சொட்டுகிறதா என்று பாருங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதிது.

---

துணைவன் எழுதியது:

நான் ஆண். என் மனைவி டயாபிரம் பயன்படுத்துகிறாள், அவள் சம்மதத்தோடு எழுதுகிறேன். கணவன்மார் யாராவது இதை வாசித்தால் அவர்களுக்காக.

அவள் பழகிய காலத்தில் குளியலறையிலிருந்து வர இருபது நிமிடம் ஆகும். ஒரு தடவை "இன்னும் ஆகலையா" என்று கேட்டுவிட்டேன். அன்று அவள் சரிபார்க்காமல் அவசரமாக வந்துவிட்டாள், அந்த மாதம் முழுக்க இருவரும் பயந்துகொண்டிருந்தோம். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை. 6 மணி நேரக் கணக்கை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன், கைபேசியில் மணி வைத்துவிடுவேன்.

உறவின்போது எனக்கு அது தெரிவதில்லை. எப்போதாவது விளிம்பு பட்டால் சொல்லிவிடுவேன், நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

---

சிறுமலர் எழுதியது:

எனக்கு 23 வயது. காயா வைக்க ஆரம்பித்து மூன்று மாதம். இரண்டு தடவை சிறுநீர்த் தொற்று வந்துவிட்டது. டாக்டரிடம் டயாபிரம் வைக்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் சொல்லவில்லை. இதனால்தான் வந்ததா? போன மாதம் வெள்ளைப்படுதலுக்கு உள்ளே வைக்கும் மருந்து வேறு கொடுத்தார்கள்.

---

செவிலித்தோழி எழுதியது:

சிறுமலர், சொல்லிவிடுங்கள் ம்மா. டயாபிரமும் விந்துக்கொல்லி ஜெல்லும் சேரும்போது சிறுநீர்த் தொற்று கூடுவது தெரிந்த விஷயம். விளிம்பு சிறுநீர்ப்பாதையை அழுத்தலாம், நானாக்சினால்-9 நல்ல கிருமிகளை அழித்துவிடலாம். டாக்டருக்குத் தெரிந்தால்தான் சரியாக யோசிப்பார். வைப்பதற்கு முன்னும் உறவு முடிந்ததும் சிறுநீர் கழித்துவிடுங்கள். 6 மணி நேரம் ஆனதும் எடுத்துவிடுங்கள், காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று நீட்டாதீர்கள். ஜெல்லை மாற்றிப் பாருங்கள். மூன்றாவது தடவையும் வந்தால் இந்த முறை உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று விட்டுவிடலாம்.

நீங்கள் கேட்ட இரண்டாவது விஷயம் பலருக்குத் தெரியாது. வெள்ளைப்படுதலுக்கு உள்ளே வைக்கும் மருந்துகள் பலவற்றில் எண்ணெய் இருக்கும். எண்ணெய் பட்டால் ரப்பர் ஆணுறை நைந்து கிழிந்துவிடும், ரப்பர் டயாபிரமும் அப்படியே. சிலிக்கானை எண்ணெய் அவ்வளவு கெடுக்காது, ஆனால் சிலிக்கான் கலந்த வழுக்கி சிலிக்கான் டயாபிரத்தைக் கெடுக்கும். குழப்பமாக இருந்தால் தண்ணீர் அடிப்படையிலான வழுக்கி எல்லாவற்றுக்கும் ஆகும். மருந்து வைக்கிற நாட்களில் உறவைத் தள்ளிப்போடுவதே நல்லது.

எது தவறினாலும், உறை கிழிந்தாலும், டயாபிரம் நகர்ந்தாலும், அவசரகாலக் கருத்தடை இருக்கிறது. லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அதிலும் ஹார்மோன்தான், ஆனால் ஒரே ஒரு தடவை. மழைக்காலுக்கு இருக்கும் தலைவலி அதற்குத் தடையில்லை. ஹார்மோனே வேண்டாமென்றால் 5 நாட்களுக்குள் காப்பர் டி, அதுதான் மிக உறுதியானது.

---

மழைக்கால் எழுதியது (ஏழு வாரம் கழித்து):

எல்லாருக்கும் நடந்ததைச் சொல்ல வந்தேன்.

காயா வாங்கினேன். கரையோரம் அக்கா சொன்னபடி தனியாக இருந்தபோது வைத்துப் பார்த்தேன். முதல் வாரம் கருப்பை வாயையே கண்டுபிடிக்க முடியவில்லை, எனக்கு அப்படி ஒன்று இல்லையோ என்றுகூடத் தோன்றியது. காலையில் தேடிக் கிடைக்காதது ஒரு நாள் மாலையில் குந்தி உட்கார்ந்ததும் கிடைத்தது. அன்றைக்குச் சின்னவளைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் சுற்றினேன்.

ஆனால் டயாபிரம் நிற்கவில்லை. முன்விளிம்பைச் சொருகினால் இருமும்போது நழுவி வந்துவிடும். என் கைதான் சரியில்லை என்று மூன்று வாரம் முயன்றேன். அதுவரைக்கும் ஆணுறையைத்தான் நம்பினோம்.

பிறகு தாளில் எழுதிக்கொண்டுபோய், தொலைபேசியில் முன்பே கேட்டு, அளவு பார்க்கத் தெரிந்த ஒரு செவிலியைப் பிடித்தேன். பரிசோதித்துவிட்டு, "உங்கள் கை சரியாகத்தான் செய்கிறது, உங்களுக்கு இது சிறியது" என்றார். என் அளவு 85. கருப்பை இறக்கம் இல்லை என்றும் பார்த்துச் சொன்னார். என்னையே வைக்கச் சொன்னார், அவர் சரிபார்த்தார், எடுக்கச் சொன்னார், மறுபடி வைக்கச் சொன்னார். நான்கு தடவை. நான் கேட்காமலேயே 17 என்ற எண்ணையும் சொன்னார். நெடுவழி அக்கா, அப்போது உங்களை நினைத்துக்கொண்டேன்.

இப்போது இரண்டு வாரமாக வைக்கிறேன், கூடவே ஆணுறையும். எடுக்கும்போது மட்டும் இன்னும் தடுமாறுகிறேன், விளிம்பு உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிறது. நேற்று பத்து நிமிடம் போராடினேன்.

---

கரையோரம் எழுதியது:

இழுக்காதீர்கள். முன்விளிம்புக்கும் எலும்புக்கும் நடுவில் விரலை விட்டு முதலில் அந்த உறிஞ்சலை உடையுங்கள், காற்று புகுந்ததும் தளர்ந்துவிடும். பிறகு விரலைக் கொக்கி மாதிரி வளைத்துக் கீழ்நோக்கி, முன்பக்கமாக. குந்திக்கொண்டு மலம் கழிப்பதுபோல் லேசாக முக்கினால் அதுவே பாதி வழி இறங்கி வரும். நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள், கீறினால் ஓட்டை விழும்.

---

மழைக்கால் எழுதியது:

முக்கினேன், வந்துவிட்டது.